சேர ஒரு நாள், விலக நாற்பது நாள்: இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றின் பிளான்களையும் ஒப்பந்தங்களையும் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஆறு வருடம் வைத்திருந்த ஓர் இணைப்பைச் சமீபத்தில் நிறுத்தினேன். எந்த நிறுவனம் என்று இந்த மடலில் சொல்லவில்லை. சொன்னால், மற்ற நிறுவனத்தார் இது தங்களுக்கு எழுதியதில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு வேறு நிறுவனங்களின் இணைப்பு வைத்திருக்கும் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் விசாரித்துவிட்டேன். எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒரே கதை. அதனால் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சேர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலையில் பெயரும் போன் நம்பரும் பதிந்தேன். கால் மணி நேரத்தில் அழைப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு டெக்னீஷியன் வந்து கேபிள் இழுத்தார், ரூட்டரை மாட்டினார், வைஃபைக்குப் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக் கொடுத்தார். என் போனிலேயே வேகத்தைச் சோதித்துக் காட்டினார். அன்று இரவே வீட்டில் எல்லோரும் இணையத்தில் இருந்தோம். அப்படி ஒரு வேலையை ஒரே நாளில் முடிக்கிற திறமை உங்களிடம் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விலகிய கதையைச் சொல்கிறேன். உங்கள் ஆப்பில் பிளானை உயர்த்த ஒரு பொத்தான் இருக்கிறது. நிறுத்துவதற்கு எங்கேயும் இல்லை. கஸ்டமர் கேரை அழைத்தால் புதிய இணைப்புக்கு ஓர் எண், பில் கட்ட ஓர் எண், பழுதுக்கு ஓர் எண். நிறுத்த எண் கிடையாது. ஏதோ ஓர் எண்ணை அழுத்திக் காத்திருந்து பேசினேன். அவர் இன்னொருவருக்கு மாற்றினார். அந்த இன்னொருவர் மூன்று மாதத்துக்குப் பாதிக் கட்டணம் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று நாள் கழித்து, முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று பதில் வந்தது. அதற்குள் அடுத்த மாதக் கட்டணம் ஆட்டோபேயில் போய்விட்டது. ரூட்டரை எடுக்க வருவதாகச் சொன்ன ஆள் இரண்டு முறை வரவில்லை. ரூட்டர் திரும்பி வராததால் கணக்கு முடியவில்லை என்றும், பாக்கி இருக்கிறது என்றும் எஸ்எம்எஸ் வரத் தொடங்கியது. நாற்பதாவது நாள்தான் கணக்கை மூடினார்கள்.

அந்தப் பாதிக் கட்டணச் சலுகைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. போகிறேன் என்று சொன்ன அதே நிமிடத்தில் பாதி விலைக்குக் கொடுக்க முடிகிறது. அப்படியானால் ஆறு வருடமாக ஒரு மாதமும் தவறாமல் முழுக் கட்டணம் கட்டியபோது ஏன் கொடுக்கவில்லை? பேசாமல் கட்டிக்கொண்டிருக்கிறவர் அதிகம் கட்டுகிறார், சண்டை போடுகிறவர் குறைவாகக் கட்டுகிறார். வயதானவர்களும், போனில் வாதாடத் தயங்குகிறவர்களும், நேரம் இல்லாதவர்களும் மற்றவர்களின் சலுகைக்குச் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். உங்கள் மீது எங்களுக்குள்ள குறைகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த அடைத்த வாசல்தான். விலை ஏறுவது, சொன்ன வேகம் வராதது, பழுது பார்க்காமலே புகாரை மூடுவது எல்லாம் எப்படி நடக்கின்றன? நாங்கள் எழுந்து போக முடியாது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால் நடக்கின்றன. சேருவது போலவே விலகுவதும் எளிது என்றால் இவற்றில் பாதி தானாகவே சரியாகிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விலையை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை போடுகிறீர்கள். அது முதல் சில மாதங்களுக்கு மட்டும். அதற்கு மேல் வரி, ரூட்டர் வாடகை, இணைப்புக் கட்டணம், ஆன்லைனில் கட்டினால் அதற்கும் ஒரு கட்டணம். முதல் பில் வரும் வரை மொத்தம் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. ஏழாம் மாதமோ பதின்மூன்றாம் மாதமோ தொகை ஏறுகிறது. ஏறும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். எழுதியிருக்கிறது என்பது உண்மைதான். சேரும்போது அதை யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா? அந்த மாதம் வருவதற்கு முன் ஒரு எஸ்எம்எஸ் வந்ததா? பிளானை மாற்றச் சொல்லி வாரத்துக்கு மூன்று செய்தி அனுப்ப முடிகிறவர்களுக்கு, சலுகை முடிகிறது என்று ஒரு செய்தி அனுப்புவது பெரிய காரியம் இல்லை.

இதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவில் 2024 ஏப்ரல் 10 முதல் பெரிய இணைய நிறுவனங்கள் ஒவ்வொரு பிளானோடும் ஒரு விவர அட்டையைக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. உணவுப் பொட்டலத்தின் பின்னால் சத்து விவரம் போட்டிருப்பார்களே, அதே வடிவம். மாதக் கட்டணம், அது அறிமுக விலையா, எத்தனை மாதத்துக்கு, ஒருமுறைக் கட்டணங்கள் எவை, முன்கூட்டியே விலகினால் எவ்வளவு, வழக்கமாகக் கிடைக்கும் வேகம் என்ன, டேட்டா எவ்வளவு என்று எல்லாம் ஒரே கட்டத்துக்குள். சிறிய நிறுவனங்களுக்கு அதே ஆண்டு அக்டோபர் வரை அவகாசம் கொடுத்தார்கள். பிரிட்டனில் 2025 ஜனவரி 17க்குப் பின் போடும் ஒப்பந்தங்களில், விலைவாசியைப் பொறுத்து ஏறும் என்று மொட்டையாக எழுத முடியாது. நடுவில் கட்டணம் ஏறுமானால் எந்த மாதம், எவ்வளவு என்று காசுக் கணக்கில் முன்பே சொல்லிவிட வேண்டும். பிளானை எழுதுகிற உங்களுக்கு அந்தத் தொகை முன்பே தெரியும். அதே நாளில் எங்களுக்கும் தெரிந்தால் போதும்.

அடுத்தது வேகம். இதில் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எங்களில் பலருக்கு என்ன நடக்கிறது என்றே புரிவதில்லை.

நீங்கள் விற்பது நூறு எம்பிபிஎஸ் 'வரை'. அந்த 'வரை' என்ற இரண்டெழுத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. பத்து வந்தாலும் அது நூறு வரைதான். முதலில், எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. நம் போனிலும் கணினியிலும் ஃபைலின் அளவு மெகாபைட்டில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, நூறு எம்பிபிஎஸ் இணைப்பில் எல்லாம் சரியாக இருந்தாலும் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். ஒரு ஜிபி ஃபைல் இறங்க 80 விநாடி. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, அளவு அப்படித்தான். ஆனால் இதைச் சேரும்போது ஒரு வரியில் சொல்லியிருந்தால், ஏமாந்துவிட்டோமோ என்று வாடிக்கையாளர் நினைக்க வேண்டியிருக்காது.

அப்புறம், அந்த நூறும் எங்களுக்கு மட்டும் என்று தனியாக ஒதுக்கியது இல்லை. வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், ஒரே இழை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிகிறது. அத்தனை வீடுகளும் சேர்ந்து பகிர்ந்துகொள்வது விநாடிக்கு, இறக்கத்துக்குச் (டவுன்லோடு) சுமார் 2.5 ஜிகாபிட், ஏற்றத்துக்குச் (அப்லோடு) சுமார் 1.25 ஜிகாபிட்; ஆயிரம் மெகாபிட் ஒரு ஜிகாபிட். 64 வீடுகளுக்கும் நூறு நூறாக விற்றால் மொத்தம் 6.4 ஜிகாபிட் விற்றதாகிறது. இருப்பதைவிட இரண்டரை மடங்கு. இப்படி விற்பதே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே நொடியில் முழு வேகத்தில் எதையும் இறக்குவதில்லை. பகிர்ந்துகொள்வதால்தான் இந்த விலைக்கு இணைப்பு கிடைக்கிறது, அது நியாயமான பொறியியல். அதற்கு அப்பால் உங்கள் வலையிலிருந்து வெளியுலகத்துக்குப் போகிற பாதையிலும் இதே பகிர்வு உண்டு. அங்கே எத்தனை பேருக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதற்கு அங்கே உள்ள நெரிசல் காரணமாக இருக்கலாம். அதைக் கேட்டால், ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்கிறார்கள்.

வீட்டு வைஃபையும் காரணமாக இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். வைஃபை பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான் உண்டு. பக்கத்துப் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் வேகம் இன்னும் விழும். அதனால்தான் கேபிளை நேரே லேப்டாப்பில் செருகி மூன்று வாரம் அளந்து பார்த்தேன். காலையில் சொன்ன வேகம் வந்தது. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை பாதிகூட வரவில்லை. இந்தக் கணக்கை அனுப்பியபோது உங்கள் ஊழியர் இன்னொரு சோதனை செய்யச் சொன்னார். அந்தச் சோதனை போய்த் தொட்டது உங்கள் வலைக்குள்ளேயே இருக்கும் சர்வரை. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை சாலை நன்றாக இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். நான் போக வேண்டிய இடம் தெருமுனைக்கு அப்பால் இருக்கிறது.

இந்த 'வரை'க்கு அளவு வைத்துக் கட்டுப்படுத்திய இடங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் ஒரு காலத்தில் பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தால் போதும், அந்த வேகத்தை விளம்பரத்தில் போடலாம். 2018 மே மாதத்திலிருந்து, இரவு எட்டு முதல் பத்து வரையிலான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதிப் பேருக்குக் கிடைக்கும் வேகத்தைத்தான் போட வேண்டும் என்று மாற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு விதி, வீட்டு இணைப்பின் ஒப்பந்தத்திலேயே குறைந்தபட்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், அதிகபட்ச வேகம், விளம்பரம் செய்த வேகம் என்று நான்கையும் எழுதச் சொல்கிறது. ஜெர்மனி 2021 டிசம்பர் முதல் இன்னும் ஒரு படி மேலே போனது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தரும் அளவீட்டுக் கருவியால் மூன்று தனித்தனி நாட்களில் மொத்தம் 30 முறை அளந்து, வேகம் நிரூபணமாகக் குறைவு என்றால், அந்த அளவுக்குக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறலாம். அந்தக் கருவியால் நான் அளந்திருந்தால், என் கணக்கு அங்கே செல்லுபடியாகியிருக்கக்கூடும்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஆயிரம் ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்று சின்ன எழுத்தில் நியாயப் பயன்பாட்டு வரம்பு போடுகிறீர்கள். நூறு எம்பிபிஎஸ் வேகத்தில் ஆயிரம் ஜிபியை இறக்க 22 மணி நேரம் சொச்சம் போதும். அதாவது நீங்கள் விற்ற வேகத்தை ஒரு நாள்கூட முழுதாகப் பயன்படுத்த முடியாது. சாதாரண வீட்டில் யாரும் அப்படிச் செய்யப் போவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆயிரம் போதும். சரி, அப்படியானால் அதை ஆயிரம் ஜிபி பிளான் என்றே விற்கலாமே. எல்லை உள்ள ஒன்றுக்கு எல்லையில்லாதது என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

இனி பழுது. போன வருடம் எங்கள் வீட்டில் நான்கு நாள் இணைப்பு இல்லை. ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம், வீட்டுக்குள் சரிசெய்யக்கூடிய விஷயம் இல்லை. முதல் நாளே புகார் பதிந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் எஸ்எம்எஸ் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் கொடுங்கள். சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. மறுபடி பதிந்தால் புதிய எண், மறுபடி முதலிலிருந்து. வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தேர்வு, எனக்கு வேலை, இரண்டும் போன் டேட்டாவில் நடந்தன. நான்காம் நாள் ஒருவர் வந்தார். தோண்டிய இடத்தில் அறுந்திருந்த இழையைக் கண்டுபிடித்து இணைக்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

அவரிடம் அந்த எஸ்எம்எஸ்ஸைக் காட்டினேன். குறித்த மணி நேரத்துக்குள் புகார் மூடாவிட்டால் தங்கள் வேலைக் கணக்கில் அது குறையாகப் பதிவாகிறது என்றார். அன்று அவர் கையில் இன்னும் பதினோரு புகார் இருந்தது. சாப்பிடக்கூட நேரம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கஸ்டமர் கேரில் உட்கார்ந்து எங்கள் திட்டையெல்லாம் வாங்கிக்கொள்கிற பிள்ளைகள்மேலும் வருவதில்லை. ஒரே மாதிரியான பதிலைத்தான் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கையில் கொடுத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளரே சரியாகிவிட்டது என்று சொன்னால்தான் புகார் மூட வேண்டும் என்று நீங்கள் ஓர் உத்தரவு போட்டால், அவர்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. இதற்குப் புதிய கருவியோ பெரிய முதலீடோ தேவையில்லை.

அந்த நான்கு நாள் கட்டணத்தைக் கழிக்கச் சொன்னேன். 99 சதவீதம் இணைப்பு இருக்கும் என்பதுதான் தங்கள் உறுதி, ஒன்றிரண்டு நாள் போவதெல்லாம் அதற்குள் அடங்கும் என்று பதில் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு சதவீதம் 87 மணி 36 நிமிடம். நான்கு நாள் என்பது 96 மணி நேரம். உங்கள் உறுதிப்படியே நீங்கள் தவறியிருக்கிறீர்கள், அதுவும் ஒரே பழுதில். 99 என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிற எண்ணுக்குள் மூன்றரை நாளுக்கும் மேலான இருட்டு இருக்கிறது என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

பிரிட்டனில் 2019 ஏப்ரல் 1 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்த நிறுவனங்கள், பழுதை இரண்டு முழு வேலை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகையை வாடிக்கையாளருக்கு ஈடு தருகின்றன. வருவதாகச் சொன்ன நேரத்துக்கு டெக்னீஷியன் வராவிட்டாலும் உண்டு. முக்கியமான விஷயம், வாடிக்கையாளர் கேட்க வேண்டியதில்லை, தானாக வரவு வைக்க வேண்டும். இணைப்பு எப்போது போனது, எப்போது வந்தது என்பது உங்கள் கணினிக்கு எங்களைவிடத் துல்லியமாகத் தெரியும். கட்டணத்தைத் தானாக எடுக்கத் தெரிந்த கணினிக்கு ஈட்டைத் தானாகக் கொடுக்கவும் தெரியும்.

மறுபடி விலகுவதற்கே வருகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. அவருடைய கணவர் காலமானார். இணைப்பு கணவர் பெயரில். பெயரை மாற்றவோ நிறுத்தவோ வேண்டும் என்று அழைத்தார். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றார்கள். அவர் உயிரோடு இல்லை என்று அம்மா சொன்னார். அப்படியானால் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். அந்த சிம் ஏற்கெனவே செயலிழந்துவிட்டது. இறப்புச் சான்றிதழை அனுப்பிய பிறகும், ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிய ஒருவரிடம் கணவர் இறந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இடையில் ஒப்பந்தக் காலம் முடியாததால் முன்கூட்டி விலகும் கட்டணம் என்று ஒரு பில்லும் வந்தது. அந்த ஒப்பந்தத்தைப் போட்டவர் உயிரோடு இல்லை. இந்த நிலைமைக்கு என்று உங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு பத்தி இருந்திருந்தால், அதைப் படித்த ஒரு தனி ஊழியர் இருந்திருந்தால், அந்த அம்மாவுக்கு இத்தனை வேதனை வந்திருக்காது. இதை எழுதும்போதுகூட எனக்கு மனம் ஆறவில்லை.

வீடு மாறுகிறவர்களின் கதையும் இதே ரகம்தான். புது இடத்துக்கு உங்கள் கேபிள் வராது. ஆனால் சேவை தர முடியாத நீங்கள், விலகும் கட்டணத்தை எங்களிடம் கேட்கிறீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் ஐந்தாம் மாதத்தில் போனால் மீதிப் பணம் போனது போனதுதான்.

கைபேசியில் நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தபோது, வாடிக்கையாளர் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. நிறுவனங்கள் அழிந்துவிடவில்லை. வீட்டு இணைப்புக்கும் அதே போல் செய்யலாம். பிரிட்டனில் 2024 செப்டம்பர் 12 முதல், மாற விரும்புகிறவர் புதிய நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும். பழைய நிறுவனத்தோடு முடிக்க வேண்டியதை எல்லாம் புதிய நிறுவனமே முடித்துத் தரும். பழையவரிடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. ஜெர்மனியில் முதல் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டால் ஒரு மாத முன்னறிவிப்பில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். முன்பெல்லாம் மறந்துவிட்டால் தானாக இன்னொரு வருடம் நீண்டுவிடும். 2022 ஜூலை 1 முதல் அங்கே, ஆன்லைனில் ஒப்பந்தம் போடவைக்கும் நிறுவனங்கள் அதை முறிக்கும் பொத்தானையும் தங்கள் பக்கத்தில் வெளிப்படையாக வைத்தாக வேண்டும். அமெரிக்காவிலும் சேர்ந்த அதே எளிமையோடு விலக வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஒரு விதியை இறுதி செய்தார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதியை உருவாக்கிய நடைமுறையில் ஒரு படியை விட்டுவிட்டார்கள் என்பது காரணம். வாசலைத் திறந்துவைப்பது தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

இந்த உதாரணங்களை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் கேட்பதில் ஒன்றுகூட நடக்காத கனவு இல்லை. உலகில் ஏதாவது ஓர் இடத்தில் உங்களைப் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்துகொண்டேதான் தொழில் நடத்துகின்றன. சட்டம் வந்து கட்டாயப்படுத்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஃபின்லாந்து 2010 ஜூலையிலேயே, ஒரு மெகாபிட் இணைப்பு ஒவ்வொரு குடிமகனுக்கும் சட்டப்படியான உரிமை என்றது. அப்போதே அது அத்தியாவசியமாகிவிட்டது. இன்று வங்கி, படிப்பு, வேலை, மருத்துவரோடு பேசுவது எல்லாம் இந்த ஒரு கம்பி வழியாகத்தான் நடக்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் போல இதையும் கட்டாயமாக வாங்குகிறோம் என்று உங்களுக்கும் தெரியும்.

சேரும் முன்பே ஒரே பக்கத்தில், நாங்கள் பேசுகிற மொழியில், எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு ஏறும், இரவில் என்ன வேகம் வரும், விலகினால் என்ன ஆகும் என்று எழுதிக் கொடுங்கள். நான் சரி என்று சொல்லாமல் என் புகாரை மூடாதீர்கள். இணைப்பு இல்லாத நாளுக்கு நான் கேட்காமலே கழித்துவிடுங்கள். இறந்தவர் பெயரிலுள்ள கணக்குக்கு ஒரு மனிதரை நியமியுங்கள், ஓடிபி கேட்காத ஒருவரை.

அப்புறம், உங்கள் முகப்புப் பக்கத்தில் 'புதிய இணைப்பு பெற' என்று ஒரு பெரிய பொத்தான் இருக்கிறதே, அதற்குப் பக்கத்திலேயே அதே அளவில் 'இணைப்பை நிறுத்த' என்று இன்னொன்றை வையுங்கள். அதை அழுத்தினால் ஒரே நாளில் ஆள் வந்து ரூட்டரை எடுத்துக்கொண்டு ரசீது கொடுக்க வேண்டும், அன்றோடு கட்டணம் நிற்க வேண்டும். இணைப்பு கொடுக்க ஒரே நாளில் வந்தவர்களால் இதுவும் முடியும்.

அந்த நான்காம் நாள் வந்து இழையை இணைத்துக் கொடுத்த டெக்னீஷியனின் வேலை இன்று வரை சுத்தமாக நிற்கிறது. நீங்கள் மாட்டிய கேபிளும் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது, நான் அகற்றவில்லை. அந்தப் பொத்தானை வைத்துவிட்டு எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மறுநாளே உங்களிடம் திரும்பி வந்து சேருகிறேன்.

இப்படிக்கு,
ஆறு வருடம் உங்கள் வாடிக்கையாளராக இருந்த ஒருவர்